ஹார்டு டிஸ்க் மாத்தின பிறகு லேப்டாப் அடிக்கடி க்ராஷ் ஆகுதா? ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஆன் ஆகவே ஐந்து நிமிடம், க்ரோம் திறக்க இன்னும் இரண்டு நிமிடம் என்று இருந்த பழைய லேப்டாப். "பேசாம எஸ்.எஸ்.டி போட்டுடு மச்சான், பறக்கும்" என்று நண்பர் சொல்ல, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி மாட்டியாச்சு. முதல் இரண்டு நாள் உண்மையிலேயே பறந்தது. மூன்றாவது நாள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் செய்துகொண்டிருக்கும்போது ஸ்க்ரீன் அப்படியே நிற்கிறது. மவுஸ் அசையவில்லை. ஒரு எரர் ஸ்க்ரீன் வந்து, தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை.

இந்த இடத்தில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. "டூப்ளிகேட் டிரைவை தலையில கட்டிட்டீங்க" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். அல்லது எல்லாவற்றையும் ஃபார்மேட் அடித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவார்கள். இரண்டுமே சில நேரம் சரியான முடிவாக இருக்கலாம். ஆனால், முதல் வேலையாக இருக்கக் கூடாது. ஏன்னா, டிரைவ் மாற்றிய பிறகு வரும் க்ராஷுக்கு அந்த டிரைவ்தான் காரணமாக இருக்கணும்னு அவசியமே இல்லை. சரியாக உட்காராத கேபிள், கழற்றி மாட்டியபோது அசைந்துபோன ரேம், பயாஸில் இருக்கும் ஒரு செட்டிங், பழைய டிஸ்க்கிலிருந்து அப்படியே காப்பியாகி வந்த கெட்டுப்போன ஃபைல் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். எது என்று தெரியாமல் ஃபார்மேட் அடித்தால் டேட்டாவும் போகும், க்ராஷும் தொடரும்.

பழைய டிஸ்க்கைத் தொடாதீங்க

கழற்றிய ஹார்டு டிஸ்க்கை உடனே எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது, ஃபார்மேட் செய்து தம்பிக்குக் கொடுப்பது, கடையிலேயே விட்டுவிட்டு வருவது... இது எதையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். அந்த டிஸ்க்குக்கு இன்னும் இரண்டு வேலை பாக்கி இருக்கு.

ஒன்று, அதுதான் உங்கள் பேக்கப். காலேஜ் சர்டிஃபிகேட் ஸ்கேன், தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் பத்திரமாக இருக்கின்றன. புதிய டிரைவ் இன்னும் தன்னை நிரூபிக்கவில்லை.

இரண்டு, அதுதான் உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த டெஸ்ட்டிங் கருவி. புதிய டிரைவைக் கழற்றிவிட்டு, பழையதை அதே இடத்தில் மறுபடி மாட்டி ஒருநாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். முன்பு ஒழுங்காக ஓடிய அதே டிஸ்க்கில் இப்போதும் க்ராஷ் ஆகிறதா? அப்போ புது டிரைவ் நிரபராதி. லேப்டாப்பைத் திறந்து மூடியதில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. பழைய டிஸ்க்கில் ஒரு பிரச்னையும் இல்லையென்றால், சந்தேகம் புதிய டிரைவ் மீதோ, அதிலிருக்கும் விண்டோஸ் மீதோ திரும்புகிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒருநாள் பொறுமையும் போதும். பல கடைகளில் செய்யாத டெஸ்ட் இது.

பழையது சாட்டா ஹார்டு டிஸ்க், புதியது எம்.2 ஸ்லாட்டில் மாட்டும் எஸ்.எஸ்.டி என்றால் இரண்டும் வேறு வேறு இடத்தில் உட்காரும். அப்போதும் இதைச் செய்யலாம். ஆனால், குளோன் செய்த இரண்டு டிரைவையும் ஒரே நேரத்தில் உள்ளே வைத்து ஆன் செய்யாதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும். ஒன்றை ஆஃப்லைன் என்று ஒதுக்கிவிடும். நீங்கள் புதிய டிரைவில் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டு பழையதிலேயே வேலை செய்துகொண்டிருக்கும் காமெடியும் நடக்கும்.

கழற்றுவதற்கு முன்பு இரண்டு விஷயங்கள். கடந்த சில நாள்களில் உருவாக்கிய ஃபைல்கள் புதிய டிரைவில் மட்டும்தான் இருக்கும். அவற்றை முதலில் பென்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ போட்டுவிடுங்கள். அடுத்து பிட்லாக்கர். பல புது லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலேயே டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கும். டிரைவை மாற்றினாலோ பயாஸில் கை வைத்தாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். லேப்டாப்பில் லாகின் செய்திருக்கும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று மொபைலில் இருந்தே பார்த்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லையென்றால் உங்கள் டேட்டாவை உங்களாலேயே திறக்க முடியாது.

எப்போ க்ராஷ் ஆகுது?

டாக்டரிடம் போனால் "காய்ச்சல் எப்போ வருது, காலையிலயா ராத்திரியா?" என்று கேட்பார் இல்லையா? அதே கேள்விதான் இங்கேயும். க்ராஷ் ஆகும் நேரத்தை வைத்தே பாதி காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

*விண்டோஸுக்குள்ளேயே போகவில்லை* என்றால்: லோகோ வரும், வட்டம் சுற்றும், எரர் வரும். அதில் 'இன்ஆக்ஸஸபிள் பூட் டிவைஸ்' என்று எழுதியிருந்தால், டிரைவ் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். விண்டோஸால் அந்த டிரைவுடன் பேச முடியவில்லை, அவ்வளவுதான். பயாஸில் ஸ்டோரேஜ் மோடு என்று ஒன்று உண்டு. ஏ.ஹெச்.சி.ஐ, ரெய்டு, இன்டெல் வி.எம்.டி என்று லேப்டாப்புக்கு லேப்டாப் பெயர் மாறும். பழைய டிஸ்க் ஒரு மோடில் ஓடியிருக்கும், இப்போது வேறு மோடு இருக்கும். அல்லது ஹார்டு டிஸ்க்கிலிருந்து என்.வி.எம்.இ வகை எஸ்.எஸ்.டி-க்குக் குளோன் செய்திருப்பீர்கள், அதற்கான டிரைவர் ஆரம்பத்திலேயே லோடு ஆகாமல் இருக்கும். இதற்கு நல்ல வைத்தியம் சேஃப் மோடு. தொடர்ந்து சில முறை பூட் ஆகாமல் போனால் ரிப்பேர் ஸ்க்ரீன் தானாகவே வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்-அப் செட்டிங்ஸ் என்று போய் சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால், விண்டோஸ் தனக்குத் தேவையான டிரைவரைத் தேடி எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை பல நேரம் சாதாரணமாகவே பூட் ஆகிவிடும்.

'நோ பூட் டிவைஸ்' என்று வந்தால் அது வேறு. பழைய டிஸ்க் எம்.பி.ஆர் முறையில் பிரிக்கப்பட்டு, பயாஸ் இப்போது யு.இ.எஃப்.ஐ முறையை மட்டும் எதிர்பார்த்தால் இப்படி வரும். பயாஸில் லெகஸி அல்லது சி.எஸ்.எம் என்ற ஆப்ஷனை ஆன் செய்து பார்த்தாலே உறுதியாகிவிடும். விண்டோஸ் 11 போட்டிருக்கிறீர்கள் என்றால் ஜி.பி.டி, யு.இ.எஃப்.ஐ பக்கம் போவதுதான் சரி.

*எரர் எதுவும் இல்லாமல் டப்பென்று அணைகிறது* என்றால்: இது பெரும்பாலும் பவர் பிரச்னை. டெஸ்க்டாப்பில் சாட்டா பவர் கேபிள் லூஸாக இருக்கலாம், ஒரே ஒயரிலிருந்து ஸ்ப்ளிட்டர் போட்டு மூன்று டிரைவுக்குக் கரன்ட் இழுத்திருக்கலாம், எஸ்.எம்.பி.எஸ் வயதாகியிருக்கலாம். லேப்டாப்பில் என்றால் பேட்டரி கனெக்டர் சரியாக உட்காராமல் இருக்கலாம். ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். அதை கூகுளில் தேடி, ஆளாளுக்குச் சொல்லும் பத்து வைத்தியங்களைச் செய்து பார்த்து நொந்துபோனவர்கள் நிறைய. அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் அணைந்தது.' ஏன் என்று அது சொல்லவில்லை.

*அரை நிமிடம் உறைந்து, பிறகு தானாகத் தொடர்கிறது* என்றால்: மவுஸ் அசையும், ஆனால் எதை க்ளிக் செய்தாலும் நகராது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றாகத் திறக்கும். சில நேரம் அப்படியே க்ராஷ் ஆகும். விண்டோஸ் ஒரு தகவலைக் கேட்கிறது, டிரைவ் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். கேபிள் மீது முதல் சந்தேகம் வர வேண்டிய இடம் இது.

ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் க்ளிக் செய்து ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போங்கள். உறைந்த அதே நேரத்தில் 129 அல்லது 153 என்ற எண் இருந்தால், டிரைவ் பதில் தராததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்தது அல்லது மறுபடி கேட்டது என்று பொருள். 7 என்ற எண்ணும், பக்கத்தில் 'டிஸ்க்' என்றும் இருந்தால், டிரைவிலேயே படிக்க முடியாத இடம் இருக்கிறது. இந்த மெனுவெல்லாம் தலைசுற்றுகிறதா? ஸ்டார்ட்டில் 'ரிலயபிளிட்டி' என்று டைப் செய்தால் 'வியூ ரிலயபிளிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாக எப்போது என்ன க்ராஷ் ஆனது என்று கேலண்டர் மாதிரி காட்டும். சிவப்புக் குறிகள் டிரைவ் மாற்றிய நாளில்தான் தொடங்குகின்றனவா, அதற்கு ஒரு வாரம் முன்பே இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பே இருந்தால், உங்கள் விசாரணையே வேறு திசையில் போகணும்.

அடுத்து, க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர். டிரைவ் தன்னைப்பற்றி வைத்திருக்கும் 'மெடிக்கல் ரிப்போர்ட்'டை இது காட்டும். மேலே இருக்கும் 'குட்' என்ற நீலப் பெட்டியை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். சாட்டா டிரைவ் என்றால் சி7 என்ற வரியைத் தேடுங்கள். சி.ஆர்.சி எரர் எண்ணிக்கை அது. டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் இடையில் டேட்டா சிதைந்து வந்த ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். பெரும்பாலும் இதற்குக் காரணம் கேபிளோ கனெக்டரோதான், டிரைவ் அல்ல. ஒரு நுணுக்கம்: இந்த எண் ஏறும், இறங்கவே இறங்காது. 200 என்று இருக்கிறதே என்று பதற வேண்டாம். இன்று எழுதி வைத்து, கேபிளை மாற்றி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அதே 200-ல் நின்றால் பிரச்னை தீர்ந்தது. 05, சி5 ஆகிய வரிகள் ஏறிக்கொண்டே போனால்தான் டிரைவ் உண்மையிலேயே கெட்டுக்கொண்டிருக்கிறது. என்.வி.எம்.இ டிரைவில் இந்த வரிகள் இருக்காது. அதில் 'மீடியா அண்ட் டேட்டா இன்டக்ரிட்டி எரர்ஸ்' பூஜ்ஜியமாக இருக்கணும்.

லேப்டாப்காரர்களுக்கு ஒரு சொந்தக் கருத்து. டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேடி போட்டு எஸ்.எஸ்.டி-யை மாட்டும் பழக்கம் இருக்கிறது. மலிவான கேடிகளின் கனெக்டர்களை நம்ப முடியாது. எஸ்.எஸ்.டி மெயின் ஸ்லாட்டில் இருக்கட்டும். பழைய ஹார்டு டிஸ்க் வேண்டுமானால் பின்னாளில் கேடிக்குப் போகட்டும்.

*ஸ்லீப்பில் இருந்து எழுப்பினால் மட்டும் க்ராஷ்* என்றால்: பவர் சேமிக்கும் செட்டிங்குக்கும் புது டிரைவுக்கும் ஒத்துப்போகவில்லை. பவர் ஆப்ஷன்ஸில் பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் என்பதன் கீழ் 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்'டை ஆஃப் செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப்பையும் ஆஃப் செய்து ஒரு வாரம் பாருங்கள்.

*பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது, கேம் ஆடும்போது மட்டும்* என்றால்: முதலில் சூடு. என்.வி.எம்.இ டிரைவ்கள் நன்றாகவே கொதிக்கும். லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்த தெர்மல் பேடை மறுபடி ஒட்டினார்களா என்று பாருங்கள். டிரைவின் வெப்பநிலையையும் க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவே காட்டும். சூடும் இல்லை, விலை மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு என்றால், கொள்ளளவே பொய்யாக இருக்கலாம். 128 ஜி.பி சிப்பை வைத்துக்கொண்டு 2 டி.பி என்று விண்டோஸிடமே பொய் சொல்லும் டிரைவ்கள் ஆன்லைனில் உலவுகின்றன. உண்மையான அளவு நிரம்பியதும் பழைய ஃபைல்கள் மேலேயே எழுத ஆரம்பிக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச டூல் டிரைவின் காலி இடம் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, பொய்யை வெளியே கொண்டுவந்துவிடும். பொய் சொல்லும் டிரைவில் இந்த டெஸ்ட் ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களையும் கெடுக்கலாம். அதனால் பேக்கப் எடுத்த பிறகே ஓட்டுங்கள். பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

*நேரம் காலம் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வேறு வேறு எரர்* என்றால்: ரேம். டிரைவ் மாற்றும்போது கை பட்டிருக்கும். கழற்றி, 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டி, விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டுங்கள். எரர் ஸ்க்ரீன் வந்ததும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 11-ல் இப்போது அந்தப் பிரபலமான நீல ஸ்க்ரீன் கறுப்பாக மாறிவிட்டது, குழம்ப வேண்டாம்.

குளோன் பண்ணினால் நோயும் சேர்ந்தே வரும்

சிலருக்கு லேப்டாப் முழுவதும் க்ராஷ் ஆகாது. வேர்டு திறந்தால் மூடும், செட்டிங்ஸ் திறக்கவே திறக்காது, அப்டேட் பாதியில் நிற்கும். இங்கே டிரைவ் மாற்றியதற்கான காரணத்தை யோசித்துப் பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்க் ஏன் ஸ்லோ ஆனது? பேட் செக்டார் வந்ததால்தானே? அந்த நிலையில் இருந்த டிஸ்க்கைக் குளோன் செய்தால், படிக்க முடியாத ஃபைல்கள் அரைகுறையாகவே புதிய டிரைவுக்கு வந்திருக்கும். வீடு மாறினாலும் பழைய வீட்டு மூட்டைப்பூச்சி கட்டிலோடு சேர்ந்து வருவது மாதிரி.

கமாண்டு ப்ராம்ப்ட்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, எஸ்.எஃப்.சி என்று டைப் செய்து, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஸ்லாஷ் போட்டு, அதை ஒட்டியே ஸ்கேன்நவ் என்று கொடுங்கள். கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களைச் சரிசெய்யும். சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால், டி.ஐ.எஸ்.எம் ரீஸ்டோர்ஹெல்த் என்று தேடுங்கள். மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் பக்கத்தில் முழு கமாண்டும் இருக்கும், காப்பி செய்து ஓட்டிவிட்டு, மறுபடி எஸ்.எஃப்.சி ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் அடம்பிடித்தால், இப்போதுதான் க்ளீன் இன்ஸ்டால். பேட் செக்டார் இருந்த டிஸ்க்கிலிருந்து மாறுகிறவர்களுக்கு நான் சொல்வது, குளோனே வேண்டாம். விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டு, உங்கள் ஃபைல்களை மட்டும் பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி கேஸிங்கில் பழைய டிஸ்க்கைப் போட்டால் பென்டிரைவ் மாதிரி திறந்துகொள்ளும்.

பிராண்டட் டிரைவும் சொதப்பும்

'நல்ல கம்பெனி டிரைவ்தான் வாங்கினேன், பில் இருக்கு, கேபிள் சரி, ரேம் சரி, ஆனாலும் க்ராஷ்!' என்றால் ஃபர்ம்வேர் பக்கம் பாருங்கள். டிரைவுக்குள்ளேயே ஓடும் குட்டி சாஃப்ட்வேர் அது. அதிலும் பக் வரும்.

க்ரூஷியல் நிறுவனத்தின் எம்4 எஸ்.எஸ்.டி அந்தக் காலத்தில் செம ஹிட். 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும், அதாவது தொடர்ந்து ஓடினால் 216 நாள்களில், அது உறைய ஆரம்பித்தது. ரீஸ்டார்ட் செய்தால் சுமார் ஒரு மணி நேரம் ஓடும், மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் 0309 என்ற ஃபர்ம்வேர் அப்டேட் வந்துதான் சரியானது. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அதற்குள் எத்தனை பேர் விண்டோஸை மறுபடி மறுபடி போட்டு அழுதார்களோ!

சமீபத்துக் கதை 2024-ல் நடந்தது. விண்டோஸ் 11-ன் 24எச்2 அப்டேட் வந்ததும், வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்.என்770, எஸ்.என்580 போன்ற சில மாடல்களில் 2 டி.பி டிரைவ் வைத்திருந்தவர்களுக்கு வரிசையாக ப்ளூ ஸ்க்ரீன். இந்த டிரைவ்களில் சொந்த மெமரி சிப் கிடையாது. கம்ப்யூட்டரின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும். அதுவரை விண்டோஸ் கொடுத்துவந்தது 64 எம்.பி. புதிய அப்டேட், டிரைவ் கேட்ட 200 எம்.பி-யையும் அப்படியே கொடுத்தது. கேட்டதைக் கொடுத்ததும் டிரைவ் தடுமாறியது. ஃபர்ம்வேர் அப்டேட் செய்தவர்களுக்குப் பிரச்னை தீர்ந்தது.

சாம்சங் என்றால் மேஜிஷியன், க்ரூஷியல் என்றால் ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்த ஆப் உண்டு. அதில் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். சார்ஜரை மாட்டிக்கொண்டு, பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். டெஸ்க்டாப்காரர்கள் யு.பி.எஸ் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். பாதியில் கரன்ட் போனால் டிரைவ் கையைவிட்டுப் போகவும் வாய்ப்பு இருக்கு. அப்படியே லேப்டாப் கம்பெனியின் தளத்தில் பயாஸ் அப்டேட்டும் பார்த்துவிடுங்கள்.

கடைக்குக் கொண்டு போறீங்களா?

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யணும்னு இல்லை. லேப்டாப்பைத் திறக்கப் பயமாக இருந்தால் திறக்காதீர்கள். ஆனால், ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருந்தாலும் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையாக இருந்தாலும், "சிஸ்டம் ஹேங் ஆகுதுண்ணா" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எப்போது க்ராஷ் ஆகிறது, எரர் ஸ்க்ரீன் போட்டோ, க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ஸ்க்ரீன்ஷாட், இது மூன்றும் கையில் இருக்கட்டும். "ஓ.எஸ் போட்டா சரியாகிடும் தம்பி" என்று பதில் வந்தால், "கேபிளும் ரேமும் செக் பண்ணிட்டீங்களாண்ணா?" என்று கேளுங்கள். புதிய டிரைவின் சீரியல் நம்பரை கம்பெனியின் வாரன்டி பக்கத்தில் போட்டுப் பார்த்து, பில்லோடு கொண்டு போங்கள். டிரைவ்தான் குற்றவாளி என்று தெரிந்தால், மாற்றித்தரச் சொல்லிக் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கும். பழைய டிஸ்க் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும். வாரன்டியில் அனுப்பும் டிரைவ் உங்களுக்குத் திரும்பி வராது என்பதால், உள்ளே இருப்பதை அதற்கு முன்பே அழித்துவிடுங்கள்.

ஒரு மாதம் க்ராஷ் இல்லாமல் ஓடிய பிறகு பழைய டிஸ்க்கைத் தாராளமாக விற்கலாம். அதற்கு முன்பு ஃபார்மேட் செய்யும்போது 'குயிக் ஃபார்மேட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். குயிக் ஃபார்மேட்டில் ஃபைல்களின் பட்டியல் மட்டும்தான் போகும். ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டால் போட்டோக்கள் திரும்ப வந்துவிடும். டிக் இல்லாமல் செய்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதும். 1 டி.பி-க்குச் சில மணி நேரம் ஆகும்.